செம்மறியாட்டின் நோயும் சாயங்களின் சாட்சியும்

1933-ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து தேசத்தார் தம் ஆட்டினத்தை மேம்படுத்தக் கருதி, ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரினின்றும் காரகுல் என்னும் சாதியைச் சேர்ந்த 20 செம்மறியாடுகளை வரவழைத்தனர். அவை பார்வைக்கு யாதொரு பிணியுமற்றன. சிலகாலம் அவற்றைத் தனித்து வைத்துக் கவனித்த பின்னரே நாட்டின் பல பகுதிகளுக்கும் அனுப்பினர். ஆயினும் சில ஆண்டுகளுக்குள் அத்தேசத்து மந்தைகளில் முன்பு கண்டறியாத நோய்கள் தோன்றின. அவற்றுள் இரண்டு நுரையீரலைப் பற்றியவை. மற்றொன்று குடலைப் பற்றியது. குடலைப் பற்றிய அந்நோயே ஜோனே நோய் என வழங்கப்படுவது. பின்னர் மாவட்டம் மாவட்டமாக ஆடுகளைக் கொன்று, நோயற்ற பகுதிகளிலிருந்து புதிய ஆடுகளைக் கொணர்ந்து வளர்த்தும், நுரையீரல் நோய்கள் ஒழிந்தனவேயன்றிக் குடல்நோய் ஒழிந்திலது. 20 ஆடுகளை வரவேற்றதற்கு ஒரு தேசம் கொடுத்த விலை இது.

இவ்வாறு வெளிக்குத் தோன்றாது ஆண்டுக்கணக்கில் உடலினுள் உறையும் நோயை அறிவது எங்ஙனம்? இறந்த ஆட்டின் குடலிலிருந்து சிறு துண்டு எடுத்து, மெல்லிய தகடாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் நோக்குவது அறிஞர் கையாளும் தலையாய வழிகளுள் ஒன்றாம். ஆனால் சாயங்கள் பல. ஒவ்வொன்றும் சொல்லும் சாட்சி வெவ்வேறு. எச்சாயம் எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பதை அறியாதவன், உள்ள நோயை இல்லையென்றும், இல்லாத நோயை உண்டென்றும் உரைத்துவிடக்கூடும். அவன் சொல்லை நம்பும் ஆயனுக்கோ, அது மந்தையின் வாழ்வும் சாவுமாகும். ஆகவே இச்சாயமுறைகளை ஒப்பிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் நோயின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். 1895-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஜோனே என்பாரும், பிராத்திங்ஹாம் என்னும் அமெரிக்கரும், ஒரு பசுவின் தடித்துப்போன குடலை ஆராய்ந்து, அதனுள் காசநோய்க் கிருமியையொத்த கோல்வடிவக் கிருமிகள் இருக்கக் கண்டனர். அவர்கள் இதனைப் பறவைகளுக்கு உண்டாகும் காசநோயின் ஒரு வகை எனக் கருதினர். 1906-இல் டென்மார்க்கைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் பேங் என்பார், இது காசநோயினின்றும் வேறானது என உணர்த்தினார். 1912-இல் இங்கிலாந்தில் ட்வார்ட், இங்ராம் என்னும் இருவர், இக்கிருமியைச் சோதனைக் குழாயில் வளர்க்கும் வகையை விளக்கினர். இக்கிருமி தனக்கு வேண்டிய ஒரு சத்தைத் தானே ஆக்கிக்கொள்ளமாட்டாது. ஆதலின், அவ்வினத்தைச் சார்ந்த வேறு கிருமிகளின் சாரத்தை உணவிற் கலந்து கொடுத்தே அதனை வளர்க்கலாயினர். இன்றும் இது மிக மெதுவாய் வளர்வதே; ஆட்டினின்றும் எடுக்கப்படும் வகையோ இன்னும் பிடிவாதமுள்ளது. முடிவு தெரியப் பல வாரங்கள், சிலவேளை மாதங்கள் செல்லும். இக்காரணத்தாலேயே சாயமுறைகளுக்கு இத்துணை மதிப்பு ஏற்பட்டது.

நோயுற்ற ஆட்டின் சாணத்தால் மாசடைந்த புல்லையும் நீரையும் தாயின் மடியையும் வாயாற் பற்றும் இளங்குட்டிகளே பெரும்பாலும் இந்நோய்க்கு ஆளாகின்றன. கிருமி சிறுகுடலின் கடைப்பகுதியிற் புகுந்து, அங்குள்ள விழுங்கணுக்களுள் குடியேறுகின்றது. கிருமிகளை விழுங்கி அழிப்பதற்கென உடலில் அமைந்த காவலாளரே விழுங்கணுக்கள். இக்கிருமியோ காவலாளரின் வீட்டையே தன் வீடாக்கிக்கொள்கின்றது. ஆண்டுகள் சில சென்றபின் ஆடு தீனியுண்டும் மெலிகின்றது. மாடுகளைப்போல இதற்குக் கழிச்சல் எப்போதும் உண்டாவதில்லை. ஆகவே ஆயன், வயிற்றுப்புழுவென்றோ பல் தேய்ந்ததென்றோ மேய்ச்சல் போதாதென்றோ நினைத்து வாளாவிருப்பான். அதற்குள் அந்த ஒரு ஆடு, மேய்ச்சல் நிலம் முழுவதிலும் எண்ணிறந்த கிருமிகளை விதைத்துவிடுகின்றது. நிழலுள்ள இடங்களில் அக்கிருமிகள் ஓராண்டளவும் உயிரோடிருக்க வல்லன.

இனிச் சாயங்களை நோக்குவோம். திசுவை ஆராயும் கூடங்கள் அனைத்திலும் முதலிற் பயன்படுவது ஹீமடாக்ஸிலின், இயோசின் என்னும் இரட்டைச் சாயமாகும். முன்னது மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வயிரத்தினின்றும் கிடைப்பது; உயிரணுக்களின் உட்கருவை நீலமாக்கும். பின்னது சுற்றியுள்ள பொருளை இளஞ்சிவப்பாக்கும். இவ்விரண்டும் சேர்ந்து, குடற்சுவரின் படத்தைத் தெளிவாக வரைந்து காட்டும். நோயுற்ற குடலில் விழுங்கணுக்கள் திரள்திரளாகக் கூடி, விரல்போன்ற குடலுறிஞ்சிகளைப் பருக்கச் செய்து ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பதை இதனாற் காணலாம். ஆனால் இச்சாயத்தில் கிருமி தோன்றாது. கள்வன் புகுந்த வீட்டில் கலைந்து கிடக்கும் பொருள்களை இது காட்டும்; கள்வன் இன்னான் எனக் காட்டாது. எனவே இஃது ஐயத்தை எழுப்புவதற்கும், எவ்விடத்தில் தேடவேண்டுமென்பதைக் குறிப்பதற்கும் ஏற்றதேயன்றி, தீர்ப்புக் கூறுவதற்கு ஏற்றதன்று.

கள்வனையே காட்டுவது சீல்-நீல்சன் முறை. இதன் பிறப்பைக் கூறுவது மாணவர்க்கு இனிமை பயக்கும். 1882-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் பெர்லின் நகரில் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்தபோது, அவையில் பால் எர்லிக் என்னும் இளம் மருத்துவரும் இருந்தார். காக் கையாண்ட சாயமுறை ஒரு நாள் முழுவதும் பிடிப்பது. எர்லிக் அதனைத் திருத்தி, இக்கிருமி சாயத்தை ஒருமுறை ஏற்றபின் அமிலத்தாற் கழுவினும் விடாது என்னும் அரிய இயல்பை அவ்வாண்டிலேயே வெளிப்படுத்தினார். சாயம் நன்கேற வெப்பம் உதவும் என்பதும் அவர் கண்டதே. பின்னர் சீல் என்பவர் கார்பாலிக் அமிலத்தைச் சாயத்தோடு சேர்த்தார்; நீல்சன் என்பவர் அதனோடு பூக்ஸின் என்னும் சிவப்புச் சாயத்தைக் கூட்டினார். ஒருவர் மூட்டிய விளக்கை மற்றவர் தூண்டியவாறே இம்முறை இரண்டாண்டிற்குள் முழுமை பெற்றது.

இதன் செயல் இவ்வாறாம். இவ்வகைக் கிருமியின் மேலுறையில் மைக்காலிக் அமிலம் என்னும் மெழுகையொத்த பொருள் மிக்குள்ளது. மெழுகு பூசிய துணியில் நீர் ஏறாததுபோல, சாதாரணச் சாயம் அதனுட் புகாது. ஆகவே கார்பாலிக் அமிலம் கலந்த சிவப்புச் சாயத்தை ஊற்றி, கண்ணாடித் தகட்டின் அடியில் ஆவியெழுமளவு சூடேற்றுவர், கொதிக்கவிடலாகாது. சாயம் உட்புகுந்தபின், அமிலங்கலந்த சாராயத்தாற் கழுவுவர். திசுவும் ஏனைய கிருமிகளும் சிவப்பை இழக்க, மெழுகுறையுள்ள கிருமி மட்டும் அதனை விடாது பற்றிக்கொள்ளும். இறுதியில் மெதிலின் நீலத்தை ஊற்ற, நீலப் பின்னணியிற் செந்நிறக் கோல்கள் தோன்றும். செம்மறியாட்டில் இக்காட்சி சிலவேளை வியப்பூட்டுவதாயிருக்கும். ஒவ்வொரு விழுங்கணுவினுள்ளும் கிருமிகள் கட்டுக்கட்டாய் அடுக்கியதுபோல் நிறைந்து, குடற்சுவர் முழுவதுமே சிவப்பாய்த் தோன்றும். அங்ஙனமாயின் ஐயத்திற்கு இடமில்லை, செலவும் சிறிது, ஒரு மணிநேரத்திற்குள் விடை கிடைக்கும்.

ஆயினும் எல்லா ஆடுகளிலும் இவ்வாறு காணப்படுவதில்லை என்பதே இங்குக் கருதற்பாலது. நோயுற்ற செம்மறிகளுள் ஒரு சாரார்க்குக் கிருமிகள் மிகுதி; மற்றொரு சாரார்க்கோ குடல் தடித்து, உடல் மெலிந்து, மரணம் நெருங்கியும், கிருமிகள் மிகச் சிலவே. தொழுநோயைப் பற்றிப் படித்தோர் இதனை எளிதில் உணர்வர். அந்நோயிலும் ஒரு முனையிற் கிருமி மிகுந்த வகையும், மறுமுனையிற் கிருமி அருகிய வகையும் உண்டென்பதை 1966-இல் ரிட்லி, ஜாப்லிங் என்னும் இருவர் வகுத்துரைத்தனர். காரணமும் இரண்டிற்கும் ஒத்ததே. உடலின் உயிரணுக்கள் நேர்நின்று வலுவாகப் போராடுமிடத்துக் கிருமிகள் குறைகின்றன. ஆனால் அப்போராட்டமே திசுவுக்குத் தீங்காய் முடிகின்றது. போராட்டம் தளர்ந்தவிடத்துக் கிருமிகள் பெருகுகின்றன.

கிருமி அருகிய ஆட்டில் அதனைத் தேடுவது எத்துணைக் கடினம் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கன சென்டிமீட்டர் திசுவில் 10,000 கிருமிகள் உள்ளன எனக் கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பும் ஒரு மில்லிமீட்டரில் 200-இல் ஒரு பங்கு கனமும் உள்ள தகடு, அத்திசுவில் 2,000-இல் ஒரு பங்கேயாகும். ஆகவே அத்தகட்டில் இருக்கக்கூடியவை ஏறக்குறைய 5 கிருமிகள். எண்ணெய் இட்டு நோக்கும் வலிய ஆடியின் வழியே ஒருமுறை தெரியும் வட்டத்தின் குறுக்களவு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அங்ஙனமாயின் தகடு முழுவதையும் பார்க்க 3,000-க்கு மேற்பட்ட வட்டங்களை நோக்கவேண்டும். அவற்றுள் ஐந்தில் மட்டும் ஒவ்வொரு செந்நிறக் கோல் இருக்கும். நூறு வட்டங்களைப் பார்த்துக் கண்சோர்ந்து, கிருமியில்லை என்று எழுதிவிடுபவனை நாம் குறைகூறலாகாது; ஆனால் அவன் எழுத்தை நோயில்லை என்று படிப்பவனைத் தடுத்தே தீரவேண்டும்.

இம்முறைக்கு மற்றொரு குறையும் உண்டு. அமிலத்திற்கு அஞ்சாத கிருமி என்று மட்டுமே இது சொல்லும்; அவ்வினத்துள் எக்கிருமி எனச் சொல்லாது. ஜோனே முதலியோர் பறவைக் காசநோய் என ஐயுற்றதும் இதனாலேயே. இதிலுள்ள விநோதம் யாதெனில், 1990-இல் கிருமிகளின் மரபுப்பொருளை ஒப்பிட்ட அறிஞர்கள், இது பறவைக் காசக் கிருமியின் உட்பிரிவே என வகைப்படுத்தினர். ஆகவே அம்முன்னோர் கூறியது முற்றும் பிழையன்று; ஆனால் அவர்கள் கண்ட சாயம் அதனை மெய்ப்பிக்க வல்லதன்று. மேலும், குழாய்நீரிலும் இவ்வினத்தைச் சார்ந்த தீங்கற்ற கிருமிகள் வாழ்வதுண்டு. தகட்டைக் கழுவிய நீரினின்றும் அவை ஒட்டிக்கொண்டால், நோயற்ற ஆடும் நோயுற்றதாகத் தோன்றும். ஆதலின் கிருமி எங்கே கிடக்கின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். விழுங்கணுவின் உள்ளே உறைந்தால் அது மெய்ச்சாட்சி. திசுவின்மேல் மிதந்தவாறு தனித்துக் கிடந்தால் அது பொய்ச்சாட்சியாகலாம்.

மூன்றாவதாகக் கூறத்தக்கது ஒளிரும் சாயமுறை. ஆரமின் என்னும் மஞ்சட்சாயம் இக்கிருமியின் மெழுகுறையிற் பற்றிக்கொண்டு, குறித்தவொரு ஒளியிற் பிரகாசிக்கும். இருண்ட வானில் விண்மீன் தோன்றுவதுபோலக் கிருமி விளங்குவதால், குறைந்த பெருக்கத்திலும் அது கண்ணிற்படும். முற்கூறிய கணக்கில், அரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தைக் கொண்டு பார்ப்பின், 3,000 வட்டங்களுக்கு ஈடாக 500 வட்டங்களே போதும். கிருமி அருகிய ஆட்டிற்கு இது பெருந்துணை. எனினும் ஒளிரும் தூசியும் திசுவிற்குள்ளே தானே ஒளிரும் பொருள்களும் ஏமாற்றக்கூடும். திசுவின் அமைப்பும் செவ்வனே தெரியாது. ஒளியும் நாளடைவில் மங்கும். எனவே ஐயம் வந்தவிடத்துச் சீல்-நீல்சன் முறையால் மீண்டும் சோதித்தல் நன்று.

நான்காவது, எதிர்ப்பொருளைக் கொண்டு சாயமேற்றும் முறை. கிருமி புகுந்தபோது பிராணியின் உடல் அதனையே இலக்காகக் கொண்டு எதிர்ப்பொருளை உண்டாக்குகின்றது. 1941-இல் ஆல்பர்ட் கூன்ஸ் என்பாரும் அவர்தம் துணைவரும், இவ்வெதிர்ப்பொருளின்மேல் ஒளிரும் பொருளை ஏற்றி, அது சென்று பற்றும் இடத்தைக் கண்ணாற் காணச் செய்தனர். பின்னர், 1960-களில், ஒளிரும் பொருளுக்குப் பதிலாக ஒரு நொதியை இணைத்து, அது உண்டாக்கும் பழுப்பு நிறத்தால் கிருமியின் இடத்தைச் சாதாரண நுண்ணோக்கியிலேயே காணும் வழி பிறந்தது. சீல்-நீல்சன் முறை முழுமையான மெழுகுறையை நாடுகின்றது. இதுவோ கிருமியின் உடைந்த துணுக்கையும் கண்டுகொள்ளும். விழுங்கணு கிருமியைச் சிதைத்த பின்னரும், அச்சிதைவு அங்கே கிடக்குமாயின் அது பழுப்பாய்த் தோன்றும். ஆகவே கிருமி அருகிய ஆடுகளுள் பிற சாயங்கள் வாய்மூடியிருந்தபோதும் இது பேசுவதுண்டு.

எனினும் இதுவும் குற்றமற்றதன்று. இனத்தால் நெருங்கிய கிருமிகள் ஒன்றற்குரிய எதிர்ப்பொருளையே மற்றொன்றும் ஏற்கக்கூடும். பார்மலினில் நெடுநாட் கிடந்த திசு தன் உருவை மறைத்துக்கொள்ளும்; அதனை வெளிப்படுத்தத் தனிச் சிகிச்சை வேண்டும். எதிர்ப்பொருள் விலை மிக்கது; குளிரிற் காக்கப்படவேண்டியது. நோயுள்ளதென உறுதிப்பட்ட ஒரு தகட்டையும், நோயற்றதென உறுதிப்பட்ட ஒரு தகட்டையும் ஒவ்வொரு முறையும் உடன்வைத்துச் சோதியாவிடின் முடிவு நம்பத்தக்கதன்று. இவ்விதி எல்லாச் சாயங்களுக்கும் பொதுவேயாயினும், இதற்கு இன்றியமையாதது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கின், ஒன்றை மற்றொன்றிற்கு மேலானது எனப் பொதுப்படக் கூறுவது பொருந்தாது என்பது புலனாம். சாட்சிகளை வரிசையாக அழைக்கும் நீதிபதியைப்போல நடத்தலே அறிவுடைமை. இறந்த ஆட்டின் குடல் விரைவில் அழுகுமாதலால், முதலில் சிறுகுடலின் கடைப்பகுதி, அது பெருங்குடலோடு கூடுமிடம், அதனையடுத்த நிணநீர்க்கணுக்கள் ஆகியவற்றினின்றும் பல துண்டுகளைத் தாமதமின்றிப் பார்மலினில் இடவேண்டும். ஒரே இடத்திலெடுத்த ஒரு துண்டு எச்சாயத்தாலும் ஈடுசெய்ய இயலாத குறையாகும். பின்னர் இரட்டைச் சாயத்தால் திசுவின் நிலையை அறிக. அடுத்துச் சீல்-நீல்சன் முறையாற் கிருமியைத் தேடுக. கிருமி மலிந்திருப்பின் சோதனை அங்கே முடிந்தது எனலாம். திசு நோயின் குறியைக் காட்டியும் கிருமி கிடையாவிடின், ஒளிரும் சாயத்தையோ எதிர்ப்பொருள் முறையையோ கையாளுக. அதன்பின்னும் ஐயம் தீராதாயின், கிருமியை வளர்த்துப் பார்த்தலும், அதற்கேயுரிய மரபுத்துணுக்கைத் தேடுதலும் உள்ளன. 1989-இல் கண்டறியப்பட்ட அத்துணுக்கு இக்கிருமியில் பன்மடங்காகத் திரும்பத் திரும்ப அமைந்திருப்பதால், சிறிதளவையும் பெருக்கிக் காண இயல்கின்றது. இரத்தத்தை மட்டும் சோதித்து ஆறுதலடைவதும் தகாது. கிருமி அருகிய ஆட்டில் எதிர்ப்பொருளும் அருகியிருப்பது இயல்பு.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் 1980-இல் செம்மறிகளிடம் இந்நோய் கண்டறியப்பட்டது. அதன்பின், நோயுள்ளதெனத் தீர்ப்புப் பெற்ற மந்தையினின்றும் ஆடுகளை வெளியே விற்பதற்குக் கட்டுப்பாடுகள் ஏற்பட்டன. 2002 முதல் அங்குத் தடுப்பூசி வழக்கிற்கு வந்து, சாவையும் கிருமி பரவுதலையும் பெரிதும் குறைத்தது. அத்தகைய நாட்டில் ஒரு கண்ணாடித் தகட்டைப் பார்த்து எழுதும் ஒரு வரி, ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைத் தீர்மானிக்கவல்லது. தவறாக உண்டென்றால் ஒரு மந்தை வீணே ஒதுக்கப்படும். தவறாக இல்லையென்றால் அயலாரின் மந்தைகள் பத்தும் கெடும்.

ஆதலின், ஆராய்ச்சிக் கூடத்திற் புகவிருக்கும் நம் மாணவர்கள் இரண்டு வாக்கியங்களை வேறுவேறாகக் கொள்வாராக. கிருமி காணப்படவில்லை என்பது ஒன்று; நோய் இல்லை என்பது மற்றொன்று. முன்னது கண்ணின் கூற்று; பின்னது ஆராய்ந்து துணிந்த அறிவின் கூற்று. எச்சாயத்தைக் கொண்டு, எவ்வெவ்விடத்தில், எத்தனை வட்டங்களை நோக்கினோம் என்பதை மறைக்காது எழுதுபவனே மெய்யான சோதனையாளன். நூறு ஆடுகளில் தவறிப்போன ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் உவமையை நாம் அனைவரும் கேட்டிருக்கின்றோம். மூவாயிரம் வட்டங்களுள் மறைந்துகிடக்கும் ஐந்து கிருமிகளைத் தேடுவதும் அத்தகைய பொறுமையை வேண்டுவதே; அதனாற் காக்கப்படுவன எஞ்சிய தொண்ணூற்றொன்பதுமாம்.